மிலாவின் காதும் செவலையின் காதும்

மிலாவின் இடது காது மடலில் ஒரு துளை இருக்கிறது. பேனா முனை நுழையும் அளவுதான்; சுற்றிலும் முடி முளைக்காமல் தோல் தடித்துப் போயிருக்கிறது. 2025 ஏப்ரலில் பெர்லினில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை, சோபாவில் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்ட அந்த நாயைத் தடவிக் கொடுத்தபோது என் விரலில் முதலில் தட்டுப்பட்டது அந்தத் துளைதான். அது ருமேனியாவில் தெருநாயாக இருந்தபோது கருத்தடை செய்து மாட்டிவிட்ட பிளாஸ்டிக் வில்லையின் தடம் என்று மகள் சொன்னாள். நங்கநல்லூரில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் செவலை என்ற தெருநாயின் காது நுனியிலும் கத்தரித்து எடுத்தாற்போல ஒரு வெட்டு இருக்கிறது. அதுவும் கருத்தடை முடிந்ததற்கான அடையாளமே. இரண்டு காதுகளையும் நினைத்துக்கொண்டு அன்று இரவு வெகுநேரம் விழித்துக் கிடந்தேன். விசா அனுமதித்த 90 நாட்களும் அந்த நினைவு என்னை விட்டு நீங்கவில்லை.

மிலாவின் அன்றாட ஒழுங்கு முதல் வாரத்திலேயே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. காலை ஆறரைக்கு ஒரு நடை, நண்பகலில் ஒரு நடை, இரவு படுப்பதற்கு முன் ஒரு நடை. மழை பெய்தால் முதுகில் கட்டிவிட ஒரு மழைக்கோட்டு உண்டு. சாப்பாட்டை நிறுத்துப் போடுவதற்குச் சமையலறையில் ஒரு சிறு தராசு இருந்தது. அரைக் கைப்பிடி கூடினாலும் மருமகன் எடுத்து மீண்டும் டப்பாவில் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் குரூனேவால்ட் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே ஏரிக்கரையை ஒட்டிய பெரும்பரப்பு, நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான நாய்கள் தண்ணீரில் பாய்ந்து, உடம்பை உதறி, மணலில் புரண்டு திரும்பி வருவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்தமான பொழுதாக இருந்தது. அத்தனை நாய்களில் ஒன்றின் விலா எலும்பைக்கூட என்னால் எண்ண முடியவில்லை.

இதையெல்லாம் பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் 'செல்லம்' என்ற ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் மகள் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் விரித்தாள். மிலாவின் நீலநிற ஐரோப்பியக் கடவுச்சீட்டு, கழுத்துத் தோலுக்கடியில் செலுத்தப்பட்ட மைக்ரோசிப்பின் 15 இலக்க எண், 2022 முதல் பெர்லினில் கட்டாயமாக்கப்பட்ட நாய்ப் பதிவேட்டில் பதிந்ததற்கான சான்று, நாய்வரி கட்டிய கடிதம், காப்பீட்டுப் பத்திரம் ஆகிய எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. வீட்டில் ஒரு நாய் இருந்தால் பெர்லினில் ஆண்டுக்கு 120 யூரோ வரி கட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 12,000 ரூபாய். இரண்டாவது நாய்க்கு 180 யூரோ. நாய் யாரையாவது கடித்தாலோ, சாலையில் குறுக்கே ஓடி விபத்துக்குக் காரணமானாலோ இழப்பீடு கொடுப்பதற்கான காப்பீட்டையும் நாயை வைத்திருப்பவர் கட்டாயம் எடுத்தாக வேண்டும். விரைவு ரயிலில் கூண்டுக்குள் அடங்காத நாய்க்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டும். கோப்பில் இருந்த ஒவ்வொரு தாளிலும் மிலாவின் பெயருக்குப் பக்கத்தில் என் மகளின் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தன. மழைக்கோட்டையும் மெத்தையையும்விட அந்தத் தாள்கள்தாம் என்னை வாயடைக்கச் செய்தன.

மே மாதத்தில் ஒருநாள் மிலா நொண்டிக்கொண்டு வந்தது. பூங்காவில் கிடந்த கண்ணாடிச் சில் பாதத்தில் ஆழமாக ஏறியிருந்தது. மகள் தொலைபேசியில் பேசிய ஒரு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரின் மேசையில் மிலா இருந்தது. மயக்க ஊசி போட்டு, சில்லை எடுத்து, தையல் போட்டு, நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டி அனுப்பினார்கள். அங்கே கால்நடை மருத்துவர்களின் கட்டணத்தை அரசே ஒரு பட்டியலிட்டு வரையறுத்திருக்கிறது. அந்தப் பட்டியலின்படி வந்த தொகையைக் கேட்டு நான் மலைத்துப் போனேன். மகள் முகம் சுளிக்காமல் கட்டினாள். வீடு திரும்பும் வழியில், மயக்கம் தெளியாத மிலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது, செவலையின் பின்னங்காலை நினைத்து நான் அழுதுவிட்டேன். மிலாவுக்காக அழுகிறேன் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

செவலைக்கு அந்த விபத்து நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு கார் அதன் பின்னங்காலில் ஏறிவிட்டு நிற்காமல் போனது. அலறல் கேட்டு நாங்கள் நான்கைந்து பேர் இறங்கி ஓடினோம். கையில் இருந்த எண்களையெல்லாம் அழைத்துப் பார்த்தோம்; ஓரிடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, இன்னோரிடத்தில் மறுநாள் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். வண்டி வந்தது மூன்றாம் நாள் நண்பகலில். அதற்குள் செவலை இழுத்துக்கொண்டே போய் மழைநீர் வடிகாலின் உடைந்த மூடிக்கு அடியில் புகுந்துகொண்டது, யாரையும் நெருங்கவிடவில்லை. எங்களில் யாராவது அன்று இரவே ஒரு ஆட்டோவைப் பிடித்து, போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. யார் போவது என்ற கேள்வி எங்களுக்குள் எழவே இல்லை. நம் நாய் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. எலும்பு தானாகவே கோணலாகக் கூடியது. இன்றும் செவலை நடக்கும்போது வலது பின்னங்கால் தரையைத் தொட்டும் தொடாமலும் வருகிறது.

அதற்குப் பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோது செவலை இஸ்திரி வண்டியின் மேல் ஏறி, தார்ப்பாய்க்குள் முடங்கி இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்தது. எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஏற்றலாம் என்றபோது சிலர் மறுத்தார்கள். படியில் குழந்தைகள் ஏறி இறங்குவார்கள் என்பது அவர்கள் காரணம். அதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பையில் சோறு கட்டி, கயிற்றில் இறக்கி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி அதற்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மிலாவும் அப்படி ஒரு தெருவில் பிறந்ததுதான். 1980களில் சர்வாதிகாரி சாவுசெஸ்குவின் ஆட்சியில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் பழைய குடியிருப்புகளை இடித்து, முற்றமும் தோட்டமுமாக வாழ்ந்தவர்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றியபோது, முற்றத்து நாய்கள் தெருவுக்கு வந்தன. அவற்றின் குட்டிகளும் குட்டிகளின் குட்டிகளும் தெருவிலேயே பெருகின. நங்கநல்லூரில் நான் திருமணமாகி வந்த காலத்தில் தனி வீடுகளும் கிணறும் தென்னையும் இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நாய் படுத்திருக்கும்; மீந்த சோறு அதற்குத்தான். வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது அந்த நாய்கள் என்ன ஆயின என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ருமேனியாவின் கதையைக் கேட்டபோதுதான் அந்த வாசல்களை நினைத்தேன். அங்கே 2013 செப்டம்பரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நாய்களால் கடித்துக் கொல்லப்பட்டான். அதைத் தொடர்ந்து, பிடிபட்ட நாயைத் தேடி 14 வேலைநாட்களுக்குள் யாரும் வராவிட்டால் அதைக் கொல்லலாம் என்று சட்டம் வந்தது. அப்படிப்பட்ட காப்பகம் ஒன்றிலிருந்துதான், மைக்ரோசிப் பொருத்தி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, 21 நாட்கள் காத்திருந்து, மிலாவை வண்டியில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெர்லின் வீட்டில் மூன்று வேளையும் நிறுத்துப் போட்ட உணவு கிடைத்தும், யாராவது ரொட்டித்துண்டு கொடுத்தால் மிலா அதைத் தின்னாமல் கவ்விக்கொண்டு போய்ச் சோபா மெத்தைக்கு அடியில் ஒளித்துவைக்கும். மருமகன் தரை துடைக்கும் கம்பை எடுத்தால் மேசைக்கு அடியில் போய்விடும். வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் இந்த இரண்டும் மாறவில்லை என்றாள் மகள்.

அங்கே எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நடைபாதைகளில் பிரெஞ்சு புல்டாக் நாய்களைப் பார்ப்பேன். முகத்தைத் தட்டையாக்க வேண்டும் என்று மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததால், நாலு அடி நடப்பதற்குள் அவற்றுக்கு மூச்சு குறட்டையாக இழுக்கும். பகல் முழுவதும் ஆளில்லாத வீட்டில் கதவைப் பார்த்துக் கிடக்கும் நாய்களும் உண்டு. மகளும் மருமகனும் வேலைக்குப் போன நாட்களில் மிலா சன்னலோரத்தில் உட்கார்ந்து, தெருவில் போகும் நாய்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். செவலைக்கு அந்தத் தனிமை தெரியாது. அதற்கு இஸ்திரிக்கார அம்மா இருக்கிறார், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பூக்காரர் இருக்கிறார், வெயில் ஏறியதும் ஒதுங்குவதற்கு வண்டி நிழலும், சாயும்போது எதிர்த் திண்டின் நிழலும் இருக்கின்றன. வேண்டியபோது எழுந்து, வேண்டிய இடத்துக்குப் போகும் நாய் அது. அந்த நடை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கோணிய காலோடு நடக்கும் நடை அது என்பதை மறைத்து, சுதந்திரம் என்று அதற்குப் பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

மகள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு முதியவர் இருக்கிறார். அவரும் ஒரு நாய் வளர்க்கிறார். மகள் மொழிபெயர்க்க, எங்கள் இருவருக்கும் முற்றத்துப் பெஞ்சில் நாய்ப் பேச்சுதான். இந்தியர்களுக்கு நாய்கள் பிடிக்காதா என்று ஒருமுறை கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் உள்ள நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது என்றேன். அவர் வியந்து கேட்டார். பிறகு, நான் அடிக்கடி சொல்லும் செவலையைப் பற்றி விசாரித்தார். "அந்த நாய் யாருடையது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் தெருவினுடையது என்று மகளிடம் சொல்லச் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை; வேறு சொற்களில் மீண்டும் கேட்டார். எனக்குள் அப்போது வேறொரு நாள் எழுந்து நின்றது.

2024 கோடைக்காலம். டியூஷன் முடிந்து வந்த நான்காம் வகுப்புப் பையனை எங்கள் தெருவின் வெள்ளையன் என்ற ஆண் நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இஸ்திரிக்கார அம்மாதான் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவினார். அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, மருத்துவர்கள் சொல்வதும் அதுவே. அன்று முதல் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று பையன் ஊசி போட்டுக்கொண்டான். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அதற்குப் பிறகு பிழைக்க வைக்கும் மருந்து கிடையாது. உலகில் ஆண்டுதோறும் இந்நோயால் இறப்பவர்கள் சுமார் 59,000 பேர் என்றும், அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்தியாவில் இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் தோன்றியதும் இந்நோயின் காரணமாகத்தான். 1902இல் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்த துயரம் அதற்கு வித்திட்டது. அங்கே தடுப்பூசி தயாரிக்கத் தொடங்கி நூறாண்டுகள் கடந்த பிறகும், 28 நாட்கள் ஒரு தாய் தூங்காமல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன் கடிபட்ட அன்று மாலை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். இந்த நாய்களுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டார்கள். செவலைக்கென்று நான் ஒவ்வோர் இரவும் வைத்த பால்சோற்றில் வெள்ளையனும் வாய்வைத்துத் தின்றது எல்லாருக்கும் தெரியும். "தெருநாய்தானே, நான் ஒன்றும் வளர்க்கவில்லையே" என்றேன். அந்தப் பையனின் தாய் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். பெர்லின் முற்றத்துப் பெஞ்சில் நான் பதிலில்லாமல் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது அந்தப் பார்வைதான். அன்பு மட்டும் என்னுடையதாக இருந்தது. கடி யாருடையதாகவும் இல்லாமல் போனது.

ஐரோப்பியத் தெருக்களும் எப்போதும் இப்படி இருந்தவை அல்ல. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயமாக்கி, உரிமையாளர் இல்லாத நாய்களைப் பிடித்துப் பெரும் எண்ணிக்கையில் கொன்றுதான் 1902இல் வெறிநோயை முதன்முறை ஒழித்தார்கள். ஜெர்மனியில் நரிகளுக்குக்கூட இரையில் மருந்து வைத்துத் தடுப்பூசி கொடுத்து, 2008இல் நோய் நீங்கியதாக அறிவித்தார்கள். கொல்வதை நம் ஊரும் செய்து பார்த்திருக்கிறது. சென்னையில் 1860 முதல் நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 1996இல் அது நிற்கும் காலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தன. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வந்தது. கருத்தடைதான் வழி என்று 1964இலிருந்தே சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு சொல்லிச் செய்தும் காட்டியது. 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் சுமார் 1.80 லட்சம் தெருநாய்கள் இருந்தன. கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒன்றைச் சற்றே தாண்டின. ஒரு பெண் நாய் 63 நாட்களில் ஈனும், ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும் என்றால், நான்கில் ஒன்று போதவே போதாது. காது வெட்டிய செவலையைப் பார்க்கும்போதெல்லாம், வெட்டப்படாத காதுகள் எத்தனை என்று எண்ணத் தோன்றுகிறது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் மகள் என்னைப் பால்கன்பெர்க்கில் இருக்கும் பெர்லின் விலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனாள். 16 ஹெக்டேர் பரப்பு. நீர்நிலைகளுக்கு நடுவே வட்ட வட்டமாகக் கான்கிரீட் கூடங்கள். வளாகத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம். சிறு கற்களில் நாய்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு நடந்தேன். கூடங்களில் உரிமையாளர் இறந்துவிட்டதால் வந்த நாய்கள், வேண்டாம் என்று விட்டுப்போன நாய்கள் என்று பல இருந்தன. அவையும் காத்துக்கொண்டிருந்தன, ஆனால் ஒரு கூரைக்கு அடியில், ஒரு மருத்துவரின் பொறுப்பில், காத்துக்கொண்டிருந்தன.

நான் சென்னைக்குத் திரும்பிய பின், ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் கொந்தளிப்பு எழ, ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களை, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. அந்த உத்தரவின் ஒரு பகுதியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புபவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். நாளிதழில் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு இறங்கி இஸ்திரி வண்டிக்குப் போனேன்.

செவலைக்கு ஒன்பது வயதிருக்கும் என்பது இஸ்திரிக்கார அம்மாவின் கணக்கு. விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "எழுதிக் குடுங்கம்மா. ஆனா பகல்ல எங்கிட்டதான் இருக்கும்" என்றார். அப்படியே ஒப்புக்கொண்டோம். குடியிருப்புச் சங்கத்தில் எழுத்தில் தெரிவித்தேன். இருவர் எதிர்த்தார்கள், கடிபட்ட பையனின் தாய் எதிர்க்கவில்லை. தடுப்பூசிச் சான்று, புகைப்படம், முகவரி ஆகியவற்றோடு உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். இனம் என்ற கட்டத்தில் நாட்டு நாய் என்று எழுதினேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். வெள்ளையனை எடுத்துக்கொள்ள எனக்கு வசதியும் துணிவும் இல்லை. அது இன்னும் தெருவில்தான் இருக்கிறது, அதன் காது இன்னும் வெட்டப்படவில்லை. அதற்காக வார்டு அலுவலகத்துக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறேன், நாளையும் போவேன்.

கழுத்துப்பட்டை மாட்டிய முதல் நாள் செவலை அதை உதறிக்கொண்டே இருந்தது. கூடத்துக்குள் வரவில்லை, வாசற்படியைத் தாண்ட எவ்வளவோ கூப்பிட்டும் மறுத்து, கதவுக்கு வெளியே கால்மிதியின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. இரவு பதினொரு மணிவரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் உள்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பால்சோறு முழுவதையும் தின்றிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு இஸ்திரி வண்டியின் தார்ப்பாய் விலகும் ஓசை கேட்டதும் எழுந்து, கயிறு மாட்டும்வரை நின்று, கோணற்காலோடு எனக்கு முன்னால் படியிறங்கிப் போனது. விட்டுவிட்டுத் திரும்பிவந்து, வாசலில் கோலம் போடுவதற்காகக் கால்மிதியை எடுத்தேன். அதனடியில் முந்தைய இரவு நான் கொடுத்த சப்பாத்தியில் பாதி இருந்தது. அதை அப்படியே விட்டு, கால்மிதியை அதன் மேல் மறுபடி விரித்தேன்.